உரியவர் மைக் செட் அருகே வரவும்

1. எடுத்த எடுப்புல காணோம்னு சொன்னேன்

நான் மைக் புடிச்ச மொத நாளே ஒரு திருவிழாவைக் கலைக்கப் பாத்தேன். அதைச் சொல்லாம மிச்சத்தைச் சொன்னா விளங்காது. அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பேரு பாக்கியம். திண்டுக்கல்லுல ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில வேலை. ஹார்ன், பாக்ஸ், ஆம்ப்ளிபையர், சீரியல் லைட்டு எல்லாம் வாடகைக்கு விடுற கடை. முதலாளி பாண்டி அண்ணன். நான் சேந்தது ஆர்டர் எடுக்குறதுக்கும் வயர் சுத்தி வைக்கிறதுக்கும்தான். மைக்குல பேசுறதுக்குன்னு வேற ஒருத்தர் இருந்தாரு. மாசித் திருவிழா அன்னைக்குப் பாத்து அந்த மனுசனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. சுக்குக் காப்பி குடிச்சும் வெறும் காத்துதான் வந்துச்சு.

அந்த நேரத்துல ஒரு போலீஸ்காரம்மா, அழுதுக்கிட்டு இருந்த ஒரு சின்னப் பயலைக் கொண்டாந்து மைக் செட் மேசையில உக்கார வச்சுட்டுப் போயிட்டாங்க. பாண்டி அண்ணன் சுத்திமுத்திப் பாத்தாரு. வேற ஆள் இல்ல. மைக்கை எங்கிட்ட நீட்டி, "ஏம்மா, சும்மா வீட்டுல பேசுற மாதிரி சொல்லு"ன்னாரு.

நானும் வீட்டுல பேசுற மாதிரியே சொன்னேன். "ஐயையோ, ஒரு சின்னப் புள்ள காணாமப் போயிருச்சு!"

அம்புட்டுதான். கூட்டத்துல இருந்த தாய்மாரெல்லாம் அவங்கவங்க புள்ள பேரைச் சொல்லிக் கத்த ஆரம்பிச்சாங்க. ராட்டினத்தை நிப்பாட்டச் சொல்லி ஒரே கூப்பாடு. வளையல் கடைப் பலகை சரிஞ்சுருச்சு. இடுப்புல புள்ளைய வச்சுக்கிட்டே புள்ளையத் தேடுன பொம்பளைய என் கண்ணாலயே பாத்தேன்.

பாண்டி அண்ணன் மைக்கைப் புடுங்கி ஆஃப் பண்ணிட்டு, என்னைத் திட்டுன திட்டு இருக்கே! "கூறு கெட்டவளே, எடுத்த எடுப்புல காணோம்னா எல்லாவளுக்கும் வயித்தைக் கலக்காதா? மொதல்ல, பத்திரமா இருக்குன்னு சொல்லு. பெறகு சட்டை நெறம். பெறகு பேரு. கடைசியா, உரியவர் வரவும்னு முடி. தகப்பன் பேரைச் சொல்லிக் கூப்புட்டுறாத."

"பேரைச் சொன்னாத்தானண்ணே சட்டுனு வருவாரு?"

"வரமாட்டான். பேரைச் சொன்னா, புள்ளையத் தொலைச்சவன் இவன்தான்னு கூட்டமே அவனைத் திரும்பிப் பாக்கும். உரியவர்னு சொல்லிப் பாரு. யாரும் யாரையும் பாக்கமாட்டாங்க. அவனாவே நைசா வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவான்."

அவர் சொன்னபடியே திரும்பச் சொன்னேன். செத்த நேரத்துல ஒரு ஆளு, கையில பஞ்சுமிட்டாயோட, தரையப் பாத்துக்கிட்டே வந்தாரு. "குழந்தை இங்க இருக்குன்னு சொன்னாங்க"ன்னாரு. என் புள்ளைன்னு கூடச் சொல்லல. நான் பயலைத் தூக்கிக் குடுக்கப் போனேன். பாண்டி அண்ணன் கையைத் தடுத்துட்டு பயல்கிட்ட, "அப்பு, இவரு யாருய்யா?"ன்னு கேட்டாரு. "எங்க அப்பா"ன்னு அது சொன்னதுக்குப் பெறகுதான் விட்டாரு. புள்ள வாயால சொல்லாம யாருகிட்டயும் ஒப்படைக்கக் கூடாது. அது இன்னொரு சட்டம்.

இன்னைக்கு மைக் வேலைக்கு வர்ற புள்ளைகளுக்கு நான் வேற என்னத்தச் சொல்லப் போறேன்? அன்னைக்கு வாங்குன திட்டுதான் எனக்குப் படிப்பு.

2. கரண்ட் அக்கா

தொண்டை கட்டுனவரு பெறகு வேற தொழிலுக்குப் போயிட்டாரு. வேலை எனக்கே வந்துருச்சு. இந்த ஊர்ல நான் சொல்லாத சேதி இல்ல. குடிதண்ணி வராது, வீட்டு வரி கட்டுங்க, மாட்டுக்குத் தடுப்பூசி, ரத்ததான முகாம், கோயில் கொடியேத்தம், தேர்பவனி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, துக்க சேதி. எல்லாத்தையும் விட அதிகமாச் சொன்னது கரண்ட் கட்டு. அதனால எனக்குக் 'கரண்ட் அக்கா'ன்னே பேரு.

என் மொகத்தை யாருக்கும் தெரியாது. ஆனா வாயைத் தொறந்தேன்னா மாட்டிக்கிருவேன். ஒரு நாள் மார்க்கெட்டுல, "கத்திரிக்கா எப்படிம்மா?"ன்னு கேட்டதுதான். பக்கத்துல நின்ன பொம்பளை வெடுக்குனு திரும்பி, "நீங்கதானா அது? பாதி மாவு ஆட்டிக்கிட்டு இருக்கும்போது புடுங்கி விட்டீகளே!"ன்னு சண்டைக்கு வந்துட்டா. நான் என்னமோ கம்பத்துல ஏறி ஃபியூஸைப் புடுங்குன மாதிரி!

"நான் சொல்றவதாம்மா, புடுங்குறவ இல்ல"ன்னேன்.

"நீங்க சொன்ன பெறகுதான அவங்க புடுங்குறாங்க?"ன்னு கேட்டா. கத்திரிக்காய வாங்காமலே நடையக் கட்டுனேன்.

மாசியும் பங்குனியும்தான் எங்களுக்கு வேலை நெருக்குற காலம். திருவிழா, காதுகுத்து, முகாம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். எங்க ஆட்டோவை ஓட்டுறது சூசை அண்ணன். மேல ரெண்டு ஹார்னைக் கட்டிக்கிட்டு, செகண்ட் கியரைத் தாண்டாம ஓட்டுவாரு. அவசரப்பட்டா சேதி பாதித் தெருவோட நின்னுரும்னு அவருக்குத் தெரியும். பரீட்சைக்குப் படிக்குற புள்ளைக இருக்குற தெருவுன்னா வால்யூமைக் குறைச்சுருவோம். ஒரு மாடியில இருந்து ஒரு பொண்ணு புத்தகத்தோட கையெடுத்துக் கும்புட்டுச்சு. அதுல இருந்து அந்தப் பழக்கம்.

காலையில நானே பேசுவேன். மத்தியானம் ரெக்கார்டிங் போட்டுருவோம். பங்குனி மத்தியானம் இருக்கே, அது ஒரு மாதிரியான நேரம். நத்தம் ரோட்டுல புளியமரத்து நிழல் விட்டு விட்டு மேல விழும். எங்கயோ புளி உலுக்குற சத்தம் கேக்கும். மாந்தோப்புப் பக்கம் பூவும் பிஞ்சுமா ஒரு வாசம் வந்து ஆட்டோவுக்குள்ளயே கூட வரும். வீட்டு வாசல்ல சேலை காயும். ஆள் நடமாட்டமே இருக்காது. ஊரே கண்ணை மூடிக்கிட்டு எங்க சேதியக் கேட்டுக்கிட்டு இருக்குற மாதிரி இருக்கும். நானும் சாஞ்சு தூங்கிருவேன். தூக்கத்துல ஒரு பொம்பளை, "நாளை காலை முதல் மாலை வரை மின்சாரம் இருக்காது"ம்பா. அடடா, அப்பன்னா இன்னைக்கே மாவு ஆட்டணுமேன்னு கனவுலயே அரிசி ஊறப் போடுவேன். முழிச்சுப் பாத்தா அது என் கொரலு.

இதைச் சொன்னா சூசை அண்ணன் சிரிப்பாரு. "நீ சொல்றதக் கேக்குற ஒரே ஆளு நீதான் பாக்கியம்"பாரு.

மலைக்கோட்டைக்கு அடியில பேசுறதுக்கு மட்டும் ஒரு பக்குவம் வேணும். அந்தப் பாறை சும்மா இருக்காது. நாம சொன்னதோட கடைசி வார்த்தையப் புடிச்சு வச்சிருந்து, செத்த நேரங்கழிச்சுத் திருப்பித் தரும். மூச்சு விடாமப் பேசுனா ரெண்டு கொரலும் மோதி ஒண்ணும் விளங்காது. ஒரு வரி சொல்லணும், நிறுத்தணும், மலை சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், பெறகு அடுத்த வரி. அந்த மலைக்குள்ள இருக்குறவ என்னை மாதிரியேதான் பேசுவா, ஆனா கொஞ்சம் அசதியா, கொஞ்சம் அன்பாப் பேசுவா. அவ பேசுறதைக் கேக்குறதுக்காகவே அங்க ரெண்டு தரம் கூடச் சொல்லுவேன்.

3. செல்விக்கு வேண்டிய அறிவிப்பு

இப்ப நான் சொல்ல வந்த கதைக்கு வாரேன். இது நடந்து ரொம்ப நாள் ஆகல.

ஒரு காலைப் பொழுது கடையில வயர் சுத்திக்கிட்டு இருந்தேன். செல்வின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. நாகல் நகர்ல ஜாக்கெட் தைக்கிற கடை வச்சிருக்கு. மக யாழினிக்குக் காதுகுத்து, மலையடிவாரத்துல ஒரு அம்மன் கோயில் மண்டபத்துல பங்குனியில வச்சிருக்காங்களாம். மைக் செட்டு, பாட்டு எல்லாத்துக்கும் ஆர்டர் சொல்லுச்சு. போகாம நின்னுச்சு.

"யக்கா, இன்னொரு அறிவிப்பும் இருக்கு. சாணார்பட்டிக்கு அங்கிட்டு எங்க அண்ணன் ஊரு. ஆட்டோவுல அங்க போயி எங்க வீட்டுக் காதுகுத்தை நாலு தரம் சொல்லணும். அவரு காதுல விழணும்."

"உங்க அண்ணனுக்கு நீதானம்மா போயிச் சொல்லணும்? ஆட்டோவா சொல்லும்?"

அப்படிக் கேட்டதும் மளமளன்னு அழுதுருச்சு. பெறகு ஒவ்வொண்ணாச் சொல்லுச்சு. அண்ணன் பேரு தங்கராசு. மல்லிகைத் தோட்டம் வச்சிருக்காரு. தாய், தகப்பன் இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னால செல்வி வீடு கட்டி பால் காய்ச்சுனப்ப, நேரம் இல்லாம பத்திரிக்கைய போட்டோ எடுத்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்புல அனுப்பிருக்கு. அந்த ஓட்டத்துல அண்ணனுக்கும் அதே போட்டோ போயிருச்சு. வெத்தலை பாக்கு வச்சு நேர்ல அழைக்க வேண்டிய ஆளுக்கு!

"'பொறந்தவனுக்கும் ஊருக்குப் போன போட்டோதானா'ன்னு ஒரு வார்த்தைதான்கா கேட்டாரு. குடும்ப குரூப்ல இருந்து வெளியேறிட்டாரு. அன்னையில இருந்து பேச்சு இல்ல."

"இப்பவாச்சும் நேர்ல போனியா?"

"போனேன்கா. தட்டு, பழம், வேட்டி சேலை எல்லாம் கொண்டுட்டுப் போனேன். நான் வாரதைப் பாத்துட்டு அடுப்படிக்குள்ள போயிட்டாரு. மதினிதான் தண்ணி குடுத்து, தட்டை வாங்கி சாமி ரூம்ல வச்சாங்க. பொழுது சாயுற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன். வெளிய வரவே இல்ல."

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க பக்கத்துல காது குத்துறப்ப புள்ள தாய்மாமன் மடியிலதான் உக்காரும். அவர் வரலைன்னா, பங்காளி முறையில வேற ஒரு மாமனை உக்கார வச்சுக் குத்திரலாம். தோடு அதுபாட்டுக்கு ஏறிரும். ஆனா அந்த மடி மாறிருச்சுன்னா பெறகு மாறுனதுதான். அதுக்கு மேல அந்த அண்ணன் இந்தத் தங்கச்சி வீட்டு நல்லதுக்கும் வரமாட்டாரு, கெட்டதுக்கும் வரமாட்டாரு.

"அவரு வரலைன்னா எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்லக்கா"ன்னு சொல்லிட்டு செல்வி மூக்கைத் தொடச்சுச்சு.

பாவமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் முடியாதுன்னுட்டேன். ஊர்ச் சேதி வேற, வீட்டுச் சேதி வேற. வீட்டுச் சண்டைய மைக்குல ஏத்துனா அது சமாதானம் ஆகாது, சந்தி சிரிக்கத்தான் செய்யும். ஒரு மனுசனை அவன் ஊருலயே வச்சு ஹார்ன்ல கூப்புட்டா, அவன் வரலாம்னு நெனச்சிருந்தாலும் வரமாட்டான்.

"விசேசத்தன்னைக்கு மைக்குல நான் இருக்கேன். அது போதும், போ"ன்னு அனுப்பி வச்சேன். அனுப்பிட்டு அன்னைக்கெல்லாம் யாருகிட்டப் பேசுனாலும் எரிஞ்சு விழுந்தேன். சூசை அண்ணன் டீ வாங்கிக் குடுத்துட்டு ஒதுங்கிக்கிட்டாரு.

4. தங்கராசு கேட்ட கேள்வி

அதுக்கு அடுத்த வாரம் இலவசக் கண் முகாமுக்குச் சொல்றதுக்கு சாணார்பட்டிப் பக்கம் போனோம். "வயதானவர்கள் ரேஷன் கார்டு நகலுடன் வரவும், கண்ணாடி இலவசமாக வழங்கப்படும்." வெயில் ஏறாத நேரம். தோட்டத்துல பூ எடுத்து முடிச்சுட்டு பொம்பளைக வரப்புல உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. வெஞ்சனத்துக்கு வறுத்த மோர் மிளகாய் வாசம் ரோடு வரைக்கும் வந்துச்சு. வேற சத்தமே இல்ல. அந்த மாதிரி நேரத்துல என் கொரலு எனக்கே தொந்தரவா இருக்கும்.

பூக்கூடைய சைக்கிள்ல கட்டிக்கிட்டு ஒரு ஆளு குறுக்க வந்து நிப்பாட்டுனாரு. "யக்கா, அதைச் செத்த நேரம் அமத்துங்க."

அமத்துனேன். கண்ணு யாருக்குத் தெரியல, உங்களுக்கா, உங்க அம்மாவுக்கான்னு கேட்டேன். அவரு காத்துல எதையோ பாத்துக்கிட்டு, "நீங்கதான கரண்ட் கட்டு சொல்றவுக? பங்குனி மூணாவது ஞாயித்துக்கிழமை மலையடிவாரத்துல கரண்ட் இருக்குமா?"ன்னாரு.

சாணார்பட்டி தாண்டி இருக்குறவருக்கு டவுனுக்குள்ள கரண்ட் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எனக்கு ஒரு நிமிசத்துல வெளங்கிருச்சு. செல்வி வீட்டுக் காதுகுத்து அன்னைக்குத்தான்.

"ஞாயித்துக்கிழமை கட்டு இல்ல தம்பி. காதுகுத்துக்குப் போறீகளா?"

மொகம் அப்படியே கறுத்துப் போச்சு. "யாரு சொன்னா? சும்மா கேட்டேன். அங்க மண்டபத்துல ஃபேன் ஓடலைன்னா சின்னப் புள்ளைக வேர்வையில அழுகும், அதுக்காகக் கேட்டேன்."

"நீங்க தங்கராசுதான?"

சைக்கிள் மணியை விரலால தேச்சுக்கிட்டே நின்னாரு. மொகம் தெரிஞ்ச ஆளுகிட்டப் பேசாததை, கொரலு மட்டும் தெரிஞ்ச ஆளுகிட்டப் பேசிருவாங்க சில பேரு. இவரும் அப்படித்தான்.

"கோவம் எப்பவோ போயிருச்சுக்கா. அவ வந்து என் வாசல்ல உக்காந்திருந்தா. நான் அடுப்படிக்குள்ள நின்னு ஜன்னல் வழியா அவ தலையவே பாத்துக்கிட்டு இருந்தேன். கால் நகரல. தட்டோட வந்த பொறந்தவளை வெறுங்கையாத் திருப்பி அனுப்புனவன் நான். இப்ப எந்த மொகத்தை வச்சுக்கிட்டு அந்த மண்டபத்துல போயி நிக்க? அவ மாமியார் வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் பாப்பாகளே."

எனக்குக் கோவம் வந்துருச்சு. "அவ எங்கிட்ட வந்து அழுகுறா. நீங்க இங்க நின்னு அழுகுறீக. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன செல்போன் டவரா?"

சிரிச்சுட்டாரு. கண்ணையும் தொடச்சுக்கிட்டாரு. கூடையில இருந்து ஒரு கை மல்லிகைய அள்ளி ஆட்டோ சீட்டுல வச்சுட்டு, சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. வாரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல.

செல்விகிட்ட இதைச் சொல்லிரலாமான்னு வழியெல்லாம் யோசிச்சேன். சூசை அண்ணன்தான், "வேணாம் பாக்கியம். வருவாருன்னு சொல்லி வராமப் போயிட்டா அந்தப் பொண்ணு தாங்காது"ன்னாரு. சரின்னு வாயை மூடிக்கிட்டேன். ஊருக்கே சொல்றவளுக்கு ஒண்ணைச் சொல்லாம இருக்குறது எம்புட்டுக் கஷ்டம்னு அன்னைக்குத் தெரிஞ்சது. சீட்டுல கிடந்த மல்லிகை பொழுதுக்கும் மணத்துக்கிட்டே இருந்துச்சு.

5. பச்சைப் பாவாடை

காதுகுத்து அன்னைக்கு விடியக்காலையிலேயே ஹார்னைக் கட்டிட்டோம். மண்டபத்தை ஒட்டி ஒரு பெரிய வேம்பு. காத்து அடிக்கிறப்பல்லாம் பூ பொலபொலன்னு ஆம்ப்ளிபையர் மேல உதிரும். நான் துணியால தட்டி விடுவேன், திரும்ப உதிரும். பாட்டுச் சத்தம், சமையல்கட்டுப் புகை, மேல மலை. எல்லாம் பாதித் தூக்கத்துல பாக்குற மாதிரி இருந்துச்சு.

யாழினிக்கு வயசு அஞ்சு. பச்சைப் பட்டுப் பாவாடை கட்டி விட்டிருந்தாங்க. அது மேடையில ஒரு நிமிசம் உக்காரல. என் மேசையவே சுத்திச் சுத்தி வந்து, "நான் ஒரு தடவ அலோ சொல்றேன்"னு மைக்குக்குக் கை நீட்டிக்கிட்டே இருந்துச்சு.

செல்வி வர்றவங்களை வாங்கன்னு சொல்லிக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நேரம் ஆக ஆக வாங்கன்னு சொல்ற கொரலும் உள்ள போயிருச்சு. காது குத்துற பத்தர் வந்து தோடு, ஊசியெல்லாம் எடுத்துத் தாம்பாளத்துல வச்சுட்டாரு. அவ வீட்டுக்காரர் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், "நேரம் போகுதும்மா. இந்தா உங்க பெரியப்பா மகன் இருக்காருல்ல, அவரும் மாமன் முறைதான? உக்காரச் சொல்லு"ன்னாரு. அந்தப் பெரியப்பா மகனும் பாவம், சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. செல்வி தாம்பாளத்தைக் கையில எடுத்துக்கிட்டு, குடுக்காமலேயே நின்னுச்சு.

அப்ப சூசை அண்ணன் வேகமா வந்து என் காதுல, "அங்கிட்டுப் பாரு"ன்னாரு.

ரோட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை ஓரமா குட்டியானைங்கிற சின்ன லோடு வண்டி ஒண்ணு நிக்குது. பின்னால சீர்த்தட்டு வரிசையா, மேல வெள்ளைத் துணி போட்டு மூடிருக்கு. முன் சீட்டுல ஒரு பொம்பளை, செல்வி சொன்ன மதினியாத்தான் இருக்கணும், மடியில தட்டோட, மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வண்டிக்குப் பக்கத்துல தங்கராசு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நிக்கிறாரு, நிக்கிறாரு, நின்னுக்கிட்டே இருக்காரு. பந்தல் துணி மறைச்சதால உள்ள இருக்குற யாருக்கும் அவரைத் தெரியல.

"நான் போயிக் கூப்புட்டுப் பாத்தேன். ரோட்டைத் தாண்ட மாட்டேங்குறாரு"ன்னாரு சூசை அண்ணன்.

என்ன பண்ண? செல்விகிட்டச் சொன்னா ஓடிப் போயி நடு ரோட்டுல அவர் கையப் புடிச்சு அழும். மாமியார் வீடு மொத்தமும் வேடிக்கை பாக்கும். அவரு எதுக்குப் பயந்தாரோ அதுவே நடக்கும். பேரைச் சொல்லி மைக்குல கூப்புட்டா அதை விட மோசம். இங்கிட்டுப் பெரியப்பா மகன் மேடைப் படியில கால் வச்சுட்டாரு.

பாண்டி அண்ணன் அன்னைக்குத் திட்டுனது எப்படித்தான் அந்த நேரத்துல ஞாபகம் வந்துச்சோ! யாழினியப் புடிச்சு இழுத்து என் மேசை மேல உக்கார வச்சேன். பாட்டை நிறுத்துனேன். மைக்கைத் தட்டுனேன்.

"ஒரு அறிவிப்பு. ஒரு பெண் குழந்தை பத்திரமா இருக்கு."

நிறுத்துனேன். மலை, "பத்திரமா இருக்கு"ன்னுச்சு.

"பச்சைப் பட்டுப் பாவாடை. தலையில மல்லிகைப் பூ. பேரு யாழினி."

"யாழினி"ன்னுச்சு மலை.

"மாமாவைத் தேடிக்கிட்டு இருக்கு. உரியவர் எங்கிருந்தாலும் உடனே மைக் செட் அருகே வந்து குழந்தையைப் பெற்றுக்கொள்ளவும்."

மண்டபமே சிரிச்சுருச்சு. "ஏம்மா, இந்தா நிக்கிற புள்ளையவா காணோம்?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. முறைக்கு மாமன் ஆகுற பயலுகளையெல்லாம் பொம்பளைக, "போடா, நீ போயி வாங்கிட்டு வா"ன்னு கேலி பண்ணுனாங்க. பெரியப்பா மகனும் சிரிச்சுக்கிட்டு படியிலேயே நின்னுட்டாரு. எல்லாரும் மேசையத்தான் பாத்தாங்க. ஒருத்தரும் ரோட்டைப் பாக்கல. நான் பந்தல் துணி இடுக்கு வழியா ரோட்டை மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஆளு அசையல.

அதுக்குள்ள யாழினி மைக்கைப் புடிச்சுக்கிச்சு. அது கேட்ட அலோ அதுக்குக் கிடைச்சுருச்சு. "அலோ, மாமா, நான் இங்கதான் இருக்கேன்!"

மலை அதையும் சொல்லுச்சு. "இருக்கேன்..."

தங்கராசு ரோட்டைத் தாண்டிட்டாரு. பின்னாலேயே மதினி, "இந்தத் தட்டையெல்லாம் யாரு தூக்குறது?"ன்னு கத்துறது கேட்டுச்சு. அவரு காதுல விழல. மேடைப் பக்கம் போகல, தங்கச்சி பக்கம் போகல, தரையப் பாத்துக்கிட்டே நேரா எங்கிட்ட வந்தாரு. பஞ்சுமிட்டாயோட வந்தாரே ஒரு தகப்பன், அவரு சொன்னதையேதான் சொன்னாரு.

"குழந்தை இங்க இருக்குன்னு சொன்னாங்க."

சிரிச்சுக்கிட்டு இருந்த மண்டபம் அடங்கிப் போச்சு. புள்ளையத் தூக்கிக் குடுத்துரலாம்னுதான் கை போச்சு. ஆனாலும் சட்டம் சட்டம்தான? புள்ள வாயால சொல்லாம எப்படி ஒப்படைக்க?

"யாழினி, இவரு யாரும்மா?"

கேட்ட பெறகுதான் யோசிச்சேன். ரெண்டு வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல. அப்ப அதுக்கு மூணு வயசுதான். தெரியலைன்னு சொல்லிட்டா? இம்புட்டுத் தூரம் வந்த மனுசனை நானே கொன்ன மாதிரி ஆயிருமே! அவரும் புள்ள மொகத்தையே பாத்துக்கிட்டு, பரீட்சை முடிவுக்கு நிக்கிறவரு மாதிரி நின்னாரு.

யாழினி அவரை மேலயும் கீழயும் பாத்துச்சு. பெறகு ரொம்பச் சாதாரணமாச் சொல்லுச்சு. "பூக்கூடை மாமா. அம்மா போன்ல இருக்குற மாமா. வாட்ஸ்அப்ல பூக்கூடையோட வட்டமா இருப்பாருல்ல, அவரு. அம்மா தெனமும் பாக்கும்."

மைக்கை நான் ஆஃப் பண்ணவே இல்ல.

"தெனமும் பாக்கும்"னு சொல்லுச்சு மலை.

அந்தச் சத்தம் ஓஞ்சு முடிஞ்சது. வேப்பம்பூ உதிர்ந்துக்கிட்டு இருந்துச்சு. தங்கராசு புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, அது மொகத்துக்குப் பின்னால தன் மொகத்தை மறைச்சுக்கிட்டாரு. முதுகு மட்டும் குலுங்குச்சு. செல்வி மேடையில இருந்து இறங்கி வந்து அவரு முழங்கையப் புடிச்சுக்கிட்டு, "சாப்டியாண்ணே?"ன்னு கேட்டுச்சு. ரெண்டு வருசத்துக்குப் பெறகு கேட்ட மொத வார்த்தை அதுதான்.

"இன்னும் இல்ல"ன்னாரு அவரு.

பெரியப்பா மகனே குட்டியானைக்குப் போயி தட்டைத் தூக்கிட்டு வந்தாரு. நல்ல மனுசன். மதினி மட்டும், "வண்டியில இம்புட்டு நேரம் வெயில்ல உக்கார வச்சுட்டாரு"ன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

தாய்மாமன் மடியில உக்கார வச்சு பத்தர் ஊசிய எடுத்தாரு. "யோவ், மெதுவாய்யா, மெதுவா!"ன்னு தங்கராசு அவரை அதட்டுனாரு. யாழினி வீல்னு கத்துச்சு. சூசை அண்ணன் ஓடியாந்து, "பாக்கியம், மைக்கு!"ன்னு சொன்னப்பத்தான் அது இன்னும் ஆன்ல இருக்குன்னு தெரிஞ்சது. அந்த அழுகை ரெண்டு ஹார்ன்லயும் போயி, பாறையில பட்டு, டவுனுக்கே கேட்டிருக்கும். வீட்டுச் சேதிய மைக்குல ஏத்தக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சட்டம் பேசுறவ நான்.

பெறகு மைக்கை ஆஃப் பண்ணிட்டு, வேம்பு அடியில உக்காந்து நல்லா அழுதேன்.

புதுசா மைக் வேலைக்கு வர்ற புள்ளைகளுக்கு நான் சொல்றது இதுதான். வேலை முடிஞ்சதும் மைக்கை அமத்தப் பழகுங்க, என்னை மாதிரி இருக்காதீங்க. மலையடிவாரத்துல நிறுத்தி நிறுத்திப் பேசுங்க. யாரைக் கூப்புட்டாலும், மொதல்ல எல்லாம் பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க. கூப்புடுற ஆளு பேரைச் சொல்லாதீங்க. கூப்புட வேண்டிய ஆளுகள்ல பாதிப் பேரு தூரத்துல இல்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியோட வந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க.